ஸ்பீக்கர் காந்தம் ஹார்ட் டிஸ்க்கை அழிக்குமா? கோத்தகிரித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி: "அண்ணா, கோத்தகிரி பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பழைய பங்களா ஒன்றின் மாடி ரூம். பலகைத் தரை, தகரக் கூரை. ஒரே மேசையில்தான் சிபியு, மானிட்டர், வெளி ஹார்ட் டிஸ்க் நான்கு எல்லாம். அப்பா காலத்து வீடியோ கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இப்போது 5 இஞ்ச் ஊஃபர் வைத்த ஸ்பீக்கர் ஜோடியும் ஒரு சப்-ஊஃபரும் வாங்கப் போகிறேன். ஸ்பீக்கரில் இருக்கும் காந்தம் டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிடும், இரண்டு அடி தள்ளி வை என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். என் மேசையில் அந்த இரண்டடி இடமே இல்லை. என்ன செய்ய?"

தம்பி, பயப்பட வேண்டிய விஷயங்களை விட்டுவிட்டு, பயப்படத் தேவையில்லாத ஒன்றுக்கு இடம் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நான் குன்னூரில் 20 வருஷத்துக்கு மேலாக கம்ப்யூட்டரும் சவுண்ட் சிஸ்டமும் ரிப்பேர் பார்க்கிறவன். ஸ்பீக்கர் காந்தத்தால் அழிந்துபோன ஹார்ட் டிஸ்க் ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வந்ததில்லை. ஸ்பீக்கரின் அதிர்வில் நகர்ந்து நகர்ந்து மேசையிலிருந்து விழுந்த டிஸ்க்குகள் வந்திருக்கின்றன. எர்த் இல்லாத வீட்டில் ஆடியோ ஒயரைச் செருகியபோது சவுண்ட் போர்ட் போன மதர்போர்டுகளும் வந்திருக்கின்றன. நீங்கள் சொன்ன ரூமில் இந்த இரண்டுக்கும் வழி இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

காந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது பொய்யான பயம் இல்லை, காலம் கடந்த பயம். பிக்சர் டியூப் வைத்த டி.வி.யும் மானிட்டரும் இருந்த காலத்தில் அது முழுக்க உண்மை. 2006-இல் தொடங்கி அரசாங்கம் 14 அங்குல இலவசக் கலர் டி.வி. கொடுத்ததே, அப்போது எஸ்டேட் லயன் வீடுகளிலிருந்தும் ஹட்டிகள் என்கிற படகர் ஊர்களிலிருந்தும் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். ஒரு முறை ஒரு பாட்டி, "டி.வி.ல சாமி முகமெல்லாம் பச்சையா தெரியுதுங்க, என்ன குத்தமோ" என்று கலங்கிப்போய் நின்றார். போய்ப் பார்த்தால், பேரன் கழற்றிக் கொண்டுவந்த கார் ஸ்பீக்கர் இரண்டை மரப்பெட்டியில் அடைத்து, டி.வி.யின் இரண்டு கன்னத்திலும் ஒட்டினாற்போல் வைத்திருக்கிறான். இடது மூலை பச்சை, வலது மூலை ஊதா. பெட்டிகளை ஒரு முழம் நகர்த்தினேன். பாதிக் கறை அங்கேயே போய்விட்டது. மீதி ஒரு மணி நேரத்தில் போயிற்று.

அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்றால், டியூபின் பின்கழுத்திலிருந்து பாய்கிற எலக்ட்ரான் கதிர், முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள மெல்லிய சல்லடைத் தகட்டின் துளைகள் வழியாகப் போய்ச் சரியான நிறப் புள்ளியில் விழ வேண்டும். பக்கத்தில் காந்தம் இருந்தால் கதிர் வளைந்து, சிவப்பில் விழ வேண்டியது பச்சையில் விழும். அதோடு அந்தச் சல்லடைத் தகடும் இரும்புக் கலவை என்பதால், காந்தத்தை எடுத்த பிறகும் கொஞ்சம் காந்தமாகவே நிற்கும். அதை நீக்கத்தான் டியூபைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் வைத்திருப்பார்கள். டி.வி.யை ஆன் செய்ததும் 'தொம்' என்று ஒரு சத்தம் வரும், நினைவிருக்கிறதா? அந்தச் சுருள் வேலை செய்கிற சத்தம்தான் அது. அதை ஓட்டுகிற சிறிய வில்லை சூடாறினால்தான் மறுபடியும் சரியாக வேலை செய்யும். அதனால் ஆஃப் செய்து இருபது நிமிஷம் பொறுத்து ஆன் செய்ய வேண்டும், அப்படி மூன்று நான்கு தரம். உடனுக்குடன் தட்டிக்கொண்டிருந்தால் பலன் இல்லை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்களில் இதற்காகவே காந்தத்தின் முதுகில் எதிர்த்திசையில் இன்னொரு காந்தத்தை ஒட்டி, மேலே இரும்புக் கிண்ணம் கவிழ்த்திருப்பார்கள். டப்பாவின் மேல் 'ஷீல்டட்' என்று அச்சிட்டிருக்கும். டியூப் மானிட்டர் போன பிறகு அந்தச் செலவு எதற்கு என்று கம்பெனிகள் பெரும்பாலும் விட்டுவிட்டன. ஆகவே இன்று வாங்கும் ஸ்பீக்கரிலிருந்து வெளியே கசியும் காந்தம் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் அது தொந்தரவு செய்யக்கூடிய மானிட்டர்தான் இப்போது இல்லை. எல்.சி.டி. திரையில் ஒளியைத் திறந்து மூடுவது மின்புலம். அதன் ஓரத்தில் ஸ்பீக்கரை ஒட்டி வைத்தாலும் நிறம் மாறாது.

சரி, ஹார்ட் டிஸ்க்? செத்துப்போன டிஸ்க் ஒன்று கையில் இருந்தால் திருகுகளைக் கழற்றித் திறந்து பாருங்கள். தகவலைப் படித்து எழுதுகிற ஹெட்டை ஆட்டுகிற கையின் வேர்ப்பக்கத்தில் பிறை வடிவில் காந்தத் துண்டுகள் இருக்கும். நியோடிமியம். இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்தால் நடுவே மாட்டிய விரல் கன்றிப்போகும், அவ்வளவு மூர்க்கம். என் கடையில் ஸ்குரூ டிரைவர்களைத் தொங்கவிடுவதே அந்தக் காந்தங்களில்தான். அவை தகவல் பதிந்திருக்கும் வட்டத்தட்டிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தும் தகவல் அழியவில்லை. தட்டில் எழுதியதைக் கலைக்க ஆயிரக்கணக்கான காஸ் (காந்த வலிமையை அளக்கும் அலகு) அளவுக்குக் காந்தம் வேண்டும். டிஸ்க்கை அழிப்பதற்கென்றே விற்கிற இயந்திரங்கள் 10,000 காஸ் ஒட்டியும் அதற்கு மேலும் கொடுக்கின்றன. உங்கள் ஊஃபர் அந்தப் பந்தியில் உட்காரவே முடியாது. எஸ்.எஸ்.டி., பென்டிரைவ், மெமரி கார்டு இவற்றில் காந்தப் பதிவே கிடையாது, அவற்றைப் பற்றிய பேச்சு இங்கே வேண்டாம்.

காந்தம் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதை நீங்களே அளந்து பார்க்கலாம், யார் சொல்வதையும் நம்ப வேண்டியதில்லை. திசைகாட்டி வேலை செய்கிற போனாக இருந்தால், காந்தப்புலம் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு எதுவும் பக்கத்தில் இல்லாதபோது நம் மலையில் அது 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டிக் காட்டும் (100 மைக்ரோடெஸ்லா சேர்ந்தால்தான் ஒரு காஸ்). அது பூமியின் காந்தம். இப்போது ஸ்பீக்கரின் முதுகுப்பக்கமாகப் போனை மெதுவாகக் கொண்டுபோங்கள். ஒரு முழத்தில் எண் லேசாக அசையும். ஒரு சாண் தூரத்தில் ஏறத் தொடங்கும். நான்கு விரல்கடைக்கு வந்தால் நூறுகளுக்குத் தாவும். தூரம் இரண்டு மடங்கானால் காந்தம் எட்டில் ஒரு பங்காகிவிடும், அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் குறைகிறது. கடைசிவரை ஒட்டிக் கொண்டுபோகாதீர்கள். போனின் திசைகாட்டி குழம்பிவிடும். குழம்பிவிட்டால் காற்றில் எட்டுப் போட்டு ஆட்டினால் பெரும்பாலும் சரியாகும்.

இந்தக் கணக்கு உங்களுக்கு உதவுவது ஒரே இடத்தில்தான்: அந்தக் கேசட்டுப் பெட்டி. டேப்பில் எழுதியதைக் கலைக்க ஹார்ட் டிஸ்க்குக்குத் தேவையான அளவில் சிறு பங்கு காந்தம் போதும். ஆடியோ கேசட்டும் பழைய ஃபிளாப்பியும் இன்னும் மென்மையானவை, சில நூறு காஸ் போதும். ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டிவைத்தால் பாதிப்பு வரலாம், ஒரு முழம் தள்ளினால் கவலை இல்லை. ஏ.டி.எம். கார்டின் கறுப்புப் பட்டையும் அப்படியே, ஸ்பீக்கர் மேல் பர்ஸை வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உண்மையில் அந்தக் கேசட்டுகளுக்குக் காந்தத்தைவிட நம் ஊர்ப் பூஞ்சை பெரிய எதிரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விநோதமான சங்கதி உண்டு, உங்களுக்கும் உதவலாம். காட்டேஜ் நடத்துகிற ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாட்டுப் போட்டால் டிஸ்ப்ளே போய்விடுகிறது" என்றார். கடையில் எவ்வளவு நேரம் ஓடவிட்டும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. கைப்பிடி அளவு புளூடூத் ஸ்பீக்கரை விசைப்பலகைக்குக் கீழே, உள்ளங்கை வைக்கும் இடத்தின் ஓரத்தில் வைத்துப் பாட்டுக் கேட்பார். மூடியை மூடினால் தூங்கிப் போவதற்காக, பல லேப்டாப்களில் மூடியில் ஒரு சின்னக் காந்தமும் அடித்தட்டில் அதை உணர்கிற சில்லும் இருக்கும். ஸ்பீக்கரின் காந்தத்தைப் பார்த்து, மூடி மூடிவிட்டது என்று நினைத்து லேப்டாப் தூங்கியிருக்கிறது. ஸ்பீக்கரை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தேன், ரிப்பேர் முடிந்தது. காசு வாங்க மனசு வரவில்லை, டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

இனி அதிர்வு. உங்கள் ரூமில் இதுதான் பெரிய விஷயம்.

ஹார்ட் டிஸ்க்கின் வட்டத்தட்டு நிமிஷத்துக்கு 7,200 தரம், சிறிய டிஸ்க்கானால் 5,400 தரம் சுற்றுகிறது. ஹெட் தட்டைத் தொடுவதில்லை, தட்டு சுழல்வதால் எழும் காற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமயிரின் தடிமனை எடுத்துக்கொண்டால், அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அந்த இடைவெளி இல்லை. அங்குலத்துக்குள் லட்சக்கணக்கான தடங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. இந்த நிலையில் டிஸ்க்கை யாராவது ஆட்டினால் ஹெட் தடத்திலிருந்து ஒதுங்கும். உடனே டிஸ்க் எழுதுவதை நிறுத்திவிட்டு, தட்டு இன்னொரு சுற்றுச் சுற்றி வரும்வரை காத்திருக்கும். 7,200 சுற்று டிஸ்க்குக்கு ஒரு சுற்று என்பது ஏறக்குறைய 8 மில்லிவினாடி. ஒரு தரம் காத்திருந்தால் உங்களுக்குத் தெரியாது. வினாடிக்குப் பல தரம் காத்திருந்தால் காப்பி வேகம் படுத்துவிடும், டைம்லைன் திக்கித் திணறும். நீங்கள் சாஃப்ட்வேரைத் திட்டுவீர்கள்.

இது கதை இல்லை. 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று வாய்விட்டுக் கத்திக் காட்டினார். கத்திய அந்தக் கணத்தில் டிஸ்க்கின் தாமதம் திரையில் குத்துக்கோடாக எழும்பியது. 2016 செப்டம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் மையத்தில் தீயணைப்பு வாயுவைச் சோதித்துப் பார்த்தார்கள். நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. வாயு பீறிட்ட சத்தத்திலேயே டிஸ்க்குகள் வரிசையாகப் படுத்தன, ஏ.டி.எம். சேவை மணிக்கணக்கில் நின்றது. 2022-இல் மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் இன்னொன்றை எழுதினார்: விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு குறிப்பிட்ட பாட்டைப் போட்டால் சில லேப்டாப்கள் நின்றுபோயின, அதே பாட்டைப் பக்கத்து லேப்டாப்பில் போட்டாலும் நின்றுபோயின. அந்த 5,400 சுற்று டிஸ்க்கின் இயல்பான அதிர்வெண்ணும் பாட்டின் ஒரு சுருதியும் ஒத்துப்போய்விட்டன. தயாரித்த கம்பெனி அந்தச் சுருதியை மட்டும் வடிகட்டி எடுத்துவிட ஒரு ஏற்பாடு செய்து தப்பித்ததாம்.

உங்களிடம் வங்கியும் இல்லை, தீயணைப்பு வாயுவும் இல்லை. ஆனால் பலகைத் தரை இருக்கிறது. பழைய பங்களாவின் மாடித்தரை என்பது ஒரு பெரிய தவில் மாதிரி. நடந்தாலே அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். அதன் நடுவில் சப்-ஊஃபரையும் அதே தரையில் சிபியுவையும் வைத்தால், காற்றின் வழியாக வரும் சத்தத்தைவிடப் பலகை வழியாக வரும் அதிர்வு பல மடங்கு. போதாக்குறைக்குத் தகரக் கூரை. ஐப்பசி, கார்த்திகையில் கோத்தகிரி மழை தகரத்தில் கொட்டுகிறபோது பக்கத்தில் பேசுவதே கேட்காது, நீங்கள் தானாகவே வால்யூமை ஏற்றுவீர்கள். மழைக்காலத்தில் மட்டும் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று என்னிடம் ஒருவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். ஈரப்பதம், வோல்டேஜ் என்று எல்லாவற்றையும் சந்தேகித்த பிறகுதான் வால்யூம் குமிழ் ஞாபகத்துக்கு வந்தது.

இதையும் நீங்களே சோதிக்கலாம். ஒரு பெரிய வீடியோ கோப்பை வெளி டிஸ்க்குக்குக் காப்பி போடுங்கள். வேகக்கோடு நிலையாக ஓடும்போது, தவில் அதிகம் உள்ள ஒரு கல்யாணப் பதிவை நல்ல சத்தத்தில் ஓடவிடுங்கள். கோடு பல்லுப்பல்லாக ஆகிறதா? டிஸ்க்கைக் கையில் தூக்காமல், அதன் அடியில் நான்காக மடித்த கம்பளித் துணியை நுழையுங்கள். கோடு சீரானால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. பல டிஸ்க்கில் ஒன்றும் ஆகாது, அதுவும் நல்ல செய்திதான்.

மருந்து மலிவு. பழைய ஹவாய் செருப்பு ஒரு ஜோடி போதும். தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக வெட்டி, ஸ்பீக்கருக்கு நாலு மூலையில் நாலு, சிபியுவுக்கு நாலு. கடையில் விற்கிற விலை உயர்ந்த ரப்பர் பாதங்கள் இதைவிடப் பார்க்க அழகாக இருக்கும், வேலை ஏறக்குறைய ஒன்றுதான். செருப்பு புதிதாக இருந்தால் கல்லு மாதிரி இருக்கும், தேய்ந்ததுதான் நல்லது. முடிந்தால் ஸ்பீக்கரை மேசையிலிருந்தே பிரித்து, சுவரில் அடித்த பலகையில் ஏற்றுங்கள். பங்களாச் சுவர் கருங்கல்லாக இருந்தால் அதைவிடச் சிறந்த தாங்கி கிடையாது.

சப்-ஊஃபரைப் பற்றி என் அபிப்பிராயம்: வாங்காதீர்கள். 5 இஞ்ச் ஊஃபர் சுமார் 60 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். நாதஸ்வரம், தவில், மந்திரம், மைக்கில் வாழ்த்துரை இவற்றை எடிட் செய்ய அது தாராளம். இந்தச் சின்ன ரூமில், தகரமும் பலகையும் கூடவே சேர்ந்து ஒலிக்கிற இடத்தில், சப் கொடுக்கிற கீழ்ச்சுருதி உண்மையானதாகவே இருக்காது. அதைக் கேட்டு நீங்கள் பாஸைக் குறைப்பீர்கள், வாடிக்கையாளர் வீட்டில் சத்தம் தட்டையாகக் கேட்கும். வாங்கியே தீருவேன் என்றால், உத்தரங்கள் சுவரில் வந்து உட்காருகிற ஓரத்தில், செருப்புத்துண்டின் மேல் வையுங்கள். ரூமின் நடுப்பலகையில் மட்டும் வேண்டாம்.

வெளி டிஸ்க்கை ஸ்பீக்கர் மேல் வைப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடம் இல்லாதவர்கள் எல்லாரும் அங்கேதான் வைக்கிறார்கள். தட்டையான தலை, அகலமும் கச்சிதம். பாஸ் வருகிற ஒவ்வொரு தட்டுக்கும் டிஸ்க் இம்மி இம்மியாக நகரும். ஒயரின் கனம் ஒரு பக்கம் இழுக்கும். அரை மணி நேரத்தில் விளிம்புக்கு வந்து, ஓடுகிற நிலையிலேயே விழும். ஓடாத டிஸ்க் விழுந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஓடுகிற டிஸ்க் விழுந்தால் ஹெட் தட்டைக் கீறிவிடும், பிறகு 'டிக் டிக்' என்று சத்தம்தான் மிஞ்சும். ஒரு குடும்பத்தின் கல்யாணப் பதிவு அப்படிப் போனதைப் பார்த்தவன் நான். பெண்ணின் அப்பா அதற்குப் பிறகு காலமாகிவிட்டார், அவர் பேசிய பதிவு வேறு எங்கும் இல்லை. நான்கு டிஸ்க்கும் ஒரே நேரத்தில் மேசையில் எதற்கு? வேலை நடக்கிற கோப்புகளுக்கு ஒரு எஸ்.எஸ்.டி. வாங்குங்கள், சப்-ஊஃபர் காசு அதற்குச் சரியாக இருக்கும். முடிந்த வேலைகள் டிஸ்க்கில் ஏறி, டிஸ்க் அலமாரிக்குப் போகட்டும். ஒரே கல்யாணம் இரண்டு டிஸ்க்கில் இருக்கட்டும்.

'மலை உயரத்தில் ஹார்ட் டிஸ்க் தாங்குமா' என்றும் சிலர் கேட்பார்கள். ஹெட் காற்றில் மிதப்பதால் அர்த்தமுள்ள கேள்விதான். சாதாரண டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் வரம்பு பெரும்பாலும் 3,048 மீட்டர், அதாவது பத்தாயிரம் அடி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கோத்தகிரி இன்னும் கீழே. நாம் தாராளமாக உள்ளே இருக்கிறோம்.

ஈரம். மதியம் மூன்று மணிக்கு மேல் மேகம் ஜன்னல் வழியாக ரூமுக்குள் நடந்து வருகிற ஊரில் இருக்கிறோம். ஸ்பீக்கர் வாங்கும்போது கூம்பு காகிதமாக இல்லாமல் பிளாஸ்டிக் வகையாகவும், அதன் விளிம்பு ஸ்பாஞ்சாக இல்லாமல் ரப்பராகவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பாஞ்ச் விளிம்பு ஈரத்தில் சில வருஷத்தில் பிட்டுப் பிட்டாக உதிரும். கேசட்டுகளையும் ஓய்வில் இருக்கும் டிஸ்க்குகளையும், கேமராக்காரர்கள் செய்வதுபோல, நன்றாக மூடுகிற டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடும் வழக்கம் லென்ஸுக்குச் சரி. கேசட்டை அந்தப் பல்பின் பக்கத்தில் வைத்தால் டேப் நெளிந்துபோகும். ஈரம் ஏறுவதற்கு முன் அவற்றை டிஜிட்டலாக மாற்றுங்கள் என்பதுதான் நிஜமான அறிவுரை, அது வேறு வேலை.

உறுமல் சத்தம் பற்றியும் கேட்கத்தான் போகிறீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். போன் மேசையில் இருக்கும்போது ஸ்பீக்கரில் 'டிடிட்-டிடிட்' என்று வந்தால் அது 2ஜி அலைவரிசையின் துடிப்பு, வினாடிக்கு 217 தரம் அடிக்கும். சிக்னல் குறைந்த பள்ளங்களில் போன் முழு பலத்தோடு டவரைக் கூப்பிடும், அதனால்தான் கோடநாடு போகிற வழியில் உள்ள வீடுகளில் இந்தச் சத்தம் டவுனைவிடப் பலமாகக் கேட்கும். போனை ஒரு முழம் தள்ளுங்கள், போதும். நிலையாக 'ம்ம்ம்' என்று வந்தால், ஆடியோ ஒயரை சிபியுவிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். அப்போதும் உறுமினால் ஸ்பீக்கரின் டிரான்ஸ்ஃபார்மர். நின்றுவிட்டால் இரண்டு வெவ்வேறு பிளக்கிலிருந்து வரும் எர்த்துகளுக்குள் சண்டை. சிபியு, மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். அந்தப் பாக்ஸில் ரூம் ஹீட்டரை மட்டும் சேர்க்காதீர்கள். 2,000 வாட் ஹீட்டர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 6 ஆம்பியர் பிளக் அதைத் தாங்காது. மார்கழிக் குளிரில் உருகிப்போன பாக்ஸ்கள் எனக்கு வருஷா வருஷம் வருகின்றன.

உறுமலை நிறுத்த ஒரு குறுக்குவழி உண்டு, யாராவது உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்: பிளக்கின் பெரிய மூன்றாவது பின்னை வெட்டிவிடு என்று. உறுமல் நிற்கும், உண்மைதான். அதன் பிறகு சிபியு பெட்டியைத் தொட்டால் 'சுள்' என்று இழுக்கும். கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டிக்கு இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இணைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அவற்றின் வழியே கசிகிற மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ட்டில் பாதியில், சுமார் 115 வோல்ட்டில் தொங்கும். மில்லி ஆம்பியருக்குள் இருப்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் எல்லாம் ஆனில் இருக்கும்போது நீங்கள் ஆடியோ ஒயரைச் செருகினால், அந்தக் கசிவு முழுக்க அந்த மெல்லிய ஒயரின் வழியே ஸ்பீக்கருக்குப் பாயும். சவுண்ட் போர்ட் போவது அந்த நொடியில்தான். எல்லா ஒயரையும் முதலில் செருகுங்கள், சுவிட்சைக் கடைசியில் போடுங்கள். பவர் சப்ளையில் நிஜமான கோளாறு வந்து பெட்டிக்கு முழு ஃபேஸும் ஏறினால், வெட்டிய அந்தப் பின்தான் உங்களைக் காப்பாற்றியிருக்க வேண்டியது.

வெட்டாமலேயே எர்த் இல்லாத வீடுகள் நம் மலையில் நிறைய. பழைய பங்களாக்களில் எர்த் ஒயரைத் தண்ணீர் வரும் இரும்புக் குழாயில் சுற்றி முடித்திருப்பார்கள். அந்தக் காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பிறகு குழாய் துருப்பிடித்து, கறுப்புப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். எர்த் ஒயர் இன்னும் அந்த இரும்புத் துண்டிலேயே சுற்றியிருக்கும், அந்தத் துண்டு மண்ணைத் தொடாமல் சுவரில் நின்றுகொண்டிருக்கும். பிளக்கில் மூன்று ஓட்டையும் இருக்கும், பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும். சிபியு ஓடும்போது அதன் பின்பக்கத்துப் பெயின்ட் இல்லாத திருகில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் எர்த் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே போய் உங்கள் பங்களாவுக்கு வருகிற குழாயையும் பாருங்கள். கறுப்புக் குழாயாக இருந்தால், ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள்.